ஜடையை வெட்டியவளுக்கு

போலாரம் போகும் பஸ்ஸில் என் முன் இருக்கைப் பெண், துப்பட்டாவைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டபடி பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்: "என் ஜடையை வெட்டினாளே யாதம்மா, அவ வீட்டுக்குத்தான் போறேன்."

"சண்டைக்கா?"

"நக்கோ, இல்லக்கா! பட்டறையில மெஷின் பெல்ட் என் ஜடையை இழுத்துடுச்சு. சுவிட்சை அணைச்சும் சக்கரம் நிக்கல. பேக்கிங் டேபிள்லேர்ந்து யாதம்மா ஓடி வந்து கரகரன்னு வெட்டிட்டா. எப்பவும் இடுப்புல கத்தரிக்கோலைச் செருகியிருப்பா. டெய்லரம்மான்னு நாங்க கிண்டல் பண்ணுவோம்."

"ஹவ், அப்படியா! அப்புறம்?"

"நான் அழல, அவதான் அழுதா. இப்பவும் என் தலையைப் பார்க்க மாட்டேங்கறா. தள்ளி உக்காந்து சாப்பிடறா."

பையிலிருந்து புதுக் கத்தரிக்கோல் ஒன்றை எடுத்துக் காட்டினாள்.

"இதையா குடுக்கப் போறே? கத்தரிக்கோல் குடுத்தா உறவு அறுந்துடும்டி."

"அவளோடது பிடி உடைஞ்சு போச்சு, துணி சுத்தி வெச்சிருக்கா. அன்னிக்கு அவ அறுக்கலைன்னா நான் இப்ப உங்க பக்கத்துல உக்காந்திருப்பேனா அக்கா?"

அக்கா கத்தரிக்கோலை வாங்கி, கட்டைவிரலால் கூர் பார்த்தாள்.

"நல்லா வெட்டும்" என்றாள்.