குழி விழுந்த முட்டை

— இந்தப் பெட்டியில அடியில இருக்கற ஸ்ட்ராபெரியெல்லாம் நசுங்கிடுச்சுப்பா, ஓரமா வைங்க. நான் சொன்னதுக்கு நீங்க இன்னும் பதிலே சொல்லல.

— என்ன சொன்ன?

— வரலைன்னு அந்த யூனிவர்சிட்டிக்கு எழுதிடறேன்னு சொன்னேன். இன்னிக்குச் சாயங்காலத்தோட கெடு முடியுது. நான் வேணாம்னா வரிசையில அடுத்த ஆளுக்குக் குடுப்பாங்க. பாவம், யாரோ காத்துட்டிருப்பாங்க.

— யாரோ காத்துட்டிருக்காங்கன்னு நீ உன் சீட்டைக் குடுப்பியா? பஸ்லகூட நீ எந்திரிச்சு இடம் விட்டு நான் பாத்ததில்ல ஞியா.

— விளையாடாதீங்கப்பா.

— சரி, இருக்கட்டும். முதல்ல இந்த சூப்பைக் குடி. ஆறுது.

— மறுபடியும் மூலிகைக் கோழியா? ஃபிப்ரவரியிலேருந்து தினம் இதே. பிள்ளை பெத்தவளுக்கே ஒரு மாசம்தான் குடுப்பாங்க. பக்கத்துப் பண்ணைச் சித்தி அன்னிக்கு என் வயித்தையே உத்து உத்துப் பாத்தா.

— பாத்துட்டுப் போறா. குடி.

— குடிக்கறேன். ஆனா பேச்சை மாத்தாதீங்க.

— நான் எங்க மாத்தறேன்? ஊர்ப்பட்ட பசங்க வந்து நின்ன இடத்துல, ஒரு வேன்ல ஏத்தற அளவு ஆளைத்தான் எடுத்தாங்கன்னு நீதான் சொன்ன. அதுல நீ ஒருத்தி. ரெண்டு வருஷம் விடியக்காலம் பழம் பறிச்சுட்டு, நகத்துல சிவப்பு போகாமலே கம்யூனிட்டி காலேஜுக்கு ஓடினியே, அதெல்லாம் எதுக்கு?

— அந்த ரெண்டு வருஷத்தைத்தான் அவங்க கணக்குலயே சேக்கலையே. நடிப்புப் படிக்க யார் வந்தாலும் முதல் வருஷத்துலேருந்துதானாம். பதினெட்டு வயசுப் பசங்களோட போய் உக்காரணும். இப்போ நீங்க செடி கதை சொல்லுவீங்க, வருஷா வருஷம் பிடுங்கிப் போட்டுட்டுப் புதுசாத்தானே நடறோம்னு.

— சொல்லல.

— வாயெடுத்தீங்க.

— எடுத்தேன். மூடிக்கிட்டேன். இரு, கடை முன்னாடி கார் நிக்குது. வாங்க டோனாம்மா, காலையில பறிச்சது.

— இனிக்குமா மிஸ்டர் ஷோங்?

— என் பொண்ணு பறிச்சது. இனிக்கலைன்னா அவளைத் திட்டுங்க.

— அட, போன டிசம்பர்ல காலேஜ் நாடகத்துல செத்துப்போச்சே, அந்தப் பொண்ணா? நான் முன் வரிசையில இருந்தேம்மா. ரொம்ப நல்லா செத்த. எங்க வீட்டுக்காரர் அன்னிக்குச் சாப்பிடவே இல்ல.

— தேங்க்ஸ்ங்க.

— அடுத்து எங்க சாகப்போற?

— லாஸ் ஏஞ்சலஸ்ல டோனாம்மா. பெரிய இடத்துல சீட் கிடைச்சிருக்கு.

— அப்பா... இல்லைங்க, நான் போகல. இங்கதான் இருக்கேன். ரெண்டு பெட்டியா?

— மூணாக் குடு. நான் ஒண்ணுமே கேக்கலம்மா. வர்றேன் மிஸ்டர் ஷோங்.

— வாங்க, வாங்க.

— ஊருக்கெல்லாம் சொல்லிட்டீங்களா?

— ஊருக்கெல்லாம் இல்ல. பழம் வாங்கறவங்களுக்கு மட்டும்.

— உங்க முட்டியைப் பாருங்கப்பா. குனிஞ்சா நிமிர முடியல. அம்மா இருந்தா அது வேற. அண்ணன் மினசோட்டாவுல பனி தள்ளிட்டுக் கிடக்கான். களை யார் எடுப்பா? கடையில யார் உக்காருவா?

— உன் மாமன் மகன் வர்றேன்னிருக்கான்.

— அவனா? அவன் விக்கறதைவிடத் திங்கறது அதிகம்.

— திங்கட்டும். களையும் பிடுங்குவான். என் முட்டி உனக்கு ஒரு சாக்கு. வேற என்னமோ இருக்கு.

— ஒண்ணுமில்ல.

— அதான் சொல்றேன், என்னமோ இருக்கு. வாயைத் திறந்து சொல்லு.

— சிரிக்கக் கூடாது.

— சிரிக்கல.

— முட்டை.

— முட்டையா?

— நடிச்சுக் காட்ட அங்க போய்ட்டு வந்ததிலேருந்து நான் சரியா இல்லப்பா. கண்ணை மூடினா அந்த அறைதான் வருது. கண்ணாடியில பாத்தா யாரோ மாதிரி இருக்கேன். இங்க ஒவ்வொரு நாடகத்துலயும் நான் செத்த மறுநாள், என் உயிர் பயந்துபோய் மேடையிலேயே நின்னிருக்கும்னு சொல்லி, நம்ம வழக்கப்படி வாசல்ல நின்னு அதைக் கூப்பிடுவீங்க. அரிசிக் கிண்ணத்துல வெச்ச முட்டையை அவிச்சு உரிப்பீங்க. வழவழன்னு இருக்கும். உயிர் வந்துடுச்சு பாருன்னு அந்த முட்டையை எனக்கே தின்னக் குடுத்து, மணிக்கட்டுல வெள்ளை நூல் கட்டுவீங்க. எனக்குப் பாதி நம்பிக்கை, பாதி சிரிப்பு. ஆனா அன்னிக்கு நல்லாத் தூங்கிடுவேன்.

— தூங்குவ. குறட்டைகூட விடுவ.

— இந்தத் தடவை மூணு வாட்டி கூப்பிட்டீங்க. மூணு முட்டையிலயும் குழி. வரலைன்னீங்க. நூலும் கட்டல.

— கட்டல.

— முட்டையைக்கூட எனக்குத் தரல. நீங்களே உப்பு தொட்டுத் தின்னீங்க.

— வீணாப் போகக் கூடாதுல்ல.

— எனக்குப் பயமா இருக்குப்பா. ஒரு நாள் போனதுக்கே உயிர் திரும்பி வராத இடம் அது. அங்க நாலு வருஷம் இருந்தா என்கிட்ட என்ன மிச்சம் இருக்கும்? மத்தவளா மாறி மாறி, கடைசியில நீங்க வாசல்ல நின்னு கூப்பிட்டா வர்றதுக்கு ஞியான்னு ஒருத்தி இருப்பாளா?

— ம். அந்த அறையில என்ன நடந்துச்சுன்னு திரும்பச் சொல்லு.

— வந்த அன்னிக்கே துருவித் துருவிக் கேட்டீங்களே. எந்தத் தெரு, எந்தக் கதவு, உள்ள போய் எந்தப் பக்கம் திரும்பணும்னு. போலீஸ்காரன்கூட அப்படிக் கேக்க மாட்டான்.

— மறுபடி கேக்க ஆசையா இருக்கு.

— கருப்புச் சுவர். மேசைக்குப் பின்னாடி மூணு பேர். என் வசனம் பாதியிலயே நிறுத்தச் சொல்லிட்டாங்க. போச்சுடான்னு நின்னேன். அதுல ஒரு அம்மா, நடிக்காத நேரத்துல என்ன செய்வேன்னு கேட்டாங்க. எங்கப்பாவோட ஸ்ட்ராபெரி விப்பேன்னேன். அப்போ பழம் அடுக்கிக்கிட்டே அதே வசனத்தைச் சொல்லு, எதிர்ல நிக்கறவங்க வாங்காம போகப் போறாங்கன்னாங்க.

— அடுக்கினியா?

— கையில ஒண்ணுமில்ல. வெறும் காத்தை அடுக்கினேன். அழுகலைத் தூரப் போட்டேன். சின்னதை அடியில வெச்சேன்...

— பெருசை மேல.

— மேலதான் வெச்சேன். உங்க பொண்ணுதானே. பாதியில எனக்கே தெரியலப்பா, வசனம் சொல்றேனா, உங்ககிட்ட பேசறேனான்னு. முடிச்சேன். வெளியில வந்து, விரல்ல சிவப்பு இருக்கான்னு பாத்தேன்.

— பயந்தியா?

— இல்ல.

— அப்புறம்?

— அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு இருந்ததே இல்ல. தெருவுல நின்னு அழுதேன்.

— சரி. அப்போ நான் செஞ்சது சரிதான்.

— என்ன செஞ்சீங்க?

— கிண்ணத்துல இன்னும் இருக்கு பாரு, அதையும் குடி. உயிர் பக்கத்துல இல்லாத உடம்பு இது. தேத்தி வைக்கணும்னுதான் தினம் கோழி அவிக்கறேன். எனக்கும் பயம்தான். உன் மூஞ்சி வெளுக்க வெளுக்க, கெடுதல் பண்ணிட்டேனோன்னு தோணும்.

— எனக்கு ஒண்ணும் புரியல.

— நான் வாசல்ல நின்னப்போ என்ன சொன்னேன்னு உனக்குக் கேட்டுச்சா?

— நான் உள்ள தலைகாணியில மூஞ்சி புதைச்சுக் கிடந்தேன். நீங்க அடிச்ச மணிச் சத்தத்துல எங்க கேக்கும்? ராகம்தான் கேட்டுச்சு. எப்பவும் சொல்றதுதானே. வா, வீட்டுக்கு வா, சோறு இருக்கு, முட்டை இருக்கு, அப்பா இருக்கேன், வந்துடுன்னு.

— எப்பவும் அதான் சொல்வேன்.

— இந்தத் தடவை?

— உன் உயிரை வரச் சொல்லல ஞியாம்மா. அந்தத் தெருவைச் சொல்லி, கதவைச் சொல்லி, அங்கேயே இரு, அவளுக்கும் பக்கத்துல ஒரு இடம் பிடிச்சு வை, பின்னாடியே அனுப்பி வைக்கறேன்னு சொன்னேன்.