பதினொரு புஸ்தகம்

அதான் சொல்றேன்ல, உள்ள யாரும் இல்லன்னு. எல்லாம் வேலைக்குப் பூட்டாங்க. அங்காளம்மா மீன் கூடையத் தூக்கிகினு கெளம்பி ரெண்டு மணி நேரம் ஆவுது. ஏசுபாதம் பெயின்ட் வேலைக்குப் பூட்டான். கொழந்தைங்க இஸ்கூல்ல. நீ உள்ள போயி யார் கைல குடுப்ப, நாய் கைலயா? இன்னா? பேச்சு சத்தமா? அது டிவிம்மா. டிவி ஓடுது. ம்? கரண்டே இல்லாத தெருவுல டிவி எப்டி ஓடும்னு கேக்கறியா? நல்லா கேப்ப. படிச்ச புள்ள இல்ல. சரி, ஆள் கீது. ஆள் கீதுன்னா உன்ன உள்ள வுட்டுடணும்னு எதுனா சட்டமா?

அந்தப் பைய வண்டி மேல வெக்காத. கஸ்டமர் துணி. கீய வெய்யி. தள்ளி நில்லு, இஸ்திரி பொட்டி சூடா கீது, கரி இப்பதான் புடிச்சிகினு வருது. ஆன்ட்டியா? எனக்கு நாப்பத்தி ஒண்ணுதான் ஆவுது, அக்கான்னு கூப்டு. சுந்தரவல்லின்னு பேரு கீது. உன் பேரு இன்னா? ஜெரூஷாவா. வெண்ணிலா மேடம் அனுப்புனாங்களா. ஏன், டீச்சரம்மா வர மாட்டாங்களோ? மீட்டிங்கா. ஆமாமா, அவங்களுக்கு எப்பவும் மீட்டிங்குதான். அந்த மீட்டிங்கால வந்த வெனதான இத்தினியும்.

போன வருசம் அவங்க இட்டுகினு வந்தாங்களே நாலு பசங்க, அதுங்கெல்லாம் எங்க? பாஸ் பண்ணிடுச்சிங்களா. ஒருத்தி ஜெர்மனிலயா? இருக்கட்டும், நல்லா இருக்கட்டும். எங்க தெருவ எயுதி ஜெர்மனி பூட்டா. நாங்க செம்பாக்கம் பஸ் ஸ்டாப்பத் தாண்டல. அவ கேட்ட கேள்வி இன்னா தெரியுமா? கரண்ட் போனா உங்க மனசு எவ்ளோ கஷ்டப்படுது, ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் மார்க் போடுங்கன்னா. அங்காளம்மா ஏயு போட்டுக்கோன்னா. அப்டி போட முடியாது ஆன்ட்டி, அஞ்சுதான் கடைசின்னு சொல்லிச்சி அது. என் கஷ்டத்துக்கு எல்லை கட்ட நீ யாருடின்னு கேட்டா அங்காளம்மா. அதையும் நோட்டுல எயுதிகிச்சி.

மேடம் ஏரிக்கரைல நின்னுகினு எரிசக்தி நீதின்னாங்க. எல்லாருக்கும் கரண்ட் சமமா கெடைக்கணும், அது உங்க உரிமைன்னாங்க. நாங்க கை தட்டுனோம். பிரியாணி பொட்டலம் குடுத்தாங்க, அதுக்கும் சேத்துதான் தட்டுனோம். உரிமை அன்னிக்குத்தான் எங்களுக்கே தெரிஞ்சிது. அதுக்கு முன்னாடி எங்ககிட்ட வெறும் கரண்டுதான் இருந்துச்சி.

எப்டி இருந்துச்சின்னா கேக்கற? நீ புதுசு, உனக்கு யாரும் சொல்லல போல. இது ஏரி பொறம்போக்கு. பட்டா இல்ல. பட்டா இல்லன்னா மீட்டர் இல்ல. பதினொரு வூட்டுக்கும் மீட்டர் இல்ல. ரோட்டு மொனையில மோகன்ராஜ் அண்ணன் வூடு கீது பாரு, பச்ச கேட்டு, அதுக்கு மீட்டர் கீது. அவரு பாவம் பாத்து ஒயர் குடுத்தாரு. வூட்டுக்கு ஒரு லைட்டு, ஒரு ஃபேனு. அங்காளம்மா மட்டும் விக்காத மீனப் போட்டு வெக்க பழைய ஃபிரிட்ஜு ஒண்ணு வெச்சிருந்தா. பத்து வருசம். ஊருக்கே தெரியும், யாரும் கண்டுக்கல. தப்புதான். தப்பு இல்லன்னு நான் சொன்னனா? கேட்டா குடுக்க மாட்டாங்க, எடுத்தா தப்பு. அப்ப இன்னாதான் பண்றது, இருட்டுலயே பொறந்து இருட்டுலயே சாவறதா?

அப்பால உங்க மேடம் மீட்டிங் போட்டாங்க. கரண்ட் ஆபீசுல இருந்து பெரிய ஆளுங்களக் கூப்ட்டாங்க. பாருங்க சார், இந்த ஜனங்க எப்டி கஷ்டப்படறாங்க, இவங்களுக்கு ஒயுங்கா மீட்டர் குடுங்கன்னு சொல்றதுக்கு. நல்ல எண்ணம்தான், இல்லங்கல. ஆனா எங்க தெரு படத்த வாசல் அளவுக்கு பேனர் அடிச்சி மாட்டுனாங்களாம். எந்த வூட்டுல இருந்து எந்த வூட்டுக்கு ஒயர் போவுதுன்னு செவப்பு கோடு. வந்த சாரு ஃபோன்ல போட்டோ புடிச்சிகினு போனாரு. மூணாம் நாளு காலைல ஜீப்பு. ஒவ்வொரு ஒயரா வந்து கரெக்டா அறுக்கறான். வேப்பமரத்துக்குள்ள பூந்து போற ஒயர் ஒண்ணு, எங்களுக்கே அண்ணாந்து பாத்தாதான் தெரியும். அதையும் அறுத்தான். எட்டு மாசம் ஆச்சி.

மோகன்ராஜ் அண்ணனுக்கு ஃபைன் போட்டாங்க. ஒத்தாச பண்ண மனுசன் திருடன் ஆயிட்டாரு. இப்ப இந்தத் தெரு ஆளப் பாத்தா மூஞ்சத் திருப்பிகினு போறாரு. அங்காளம்மா ஃபிரிட்ஜுல இருந்த வஞ்சிரம் அத்தினியும் நாறிப் போயி ஏரியில கொட்டுனோம். ஏசுபாதம் பொண்ணு பத்தாவது பரிட்ச, ரோட்டு லைட்டுக்கு கீய குந்திகினு படிச்சிச்சி. நீங்க குடுத்த சோலாரு லைட்டு மொத மயையோட கண்ண மூடிகிச்சி. அதுக்கும் மார்க் போடவா, ஒண்ணுல இருந்து அஞ்சு?

ஒயர் விசயத்த யாரு சொன்னாங்கன்னா? அது எல்லாருக்கும் தெரியும். ஷம்சாத். கடைசி வூட்டுல இருந்தா, ஜாக்கெட் தைப்பா. அவ புருசன் அத்தாவுல்லா ஏசி மெக்கானிக்கு. உங்க காலேஜுல ஏதோ பயிற்சின்னு வேன் அனுப்புனாங்க, தெருவுக்கு ரெண்டு பேருன்னு. நானும் அவளும்தான் போனோம். போனது ரெண்டு பேரு. தெரு விசயம் வெளிய போச்சின்னா ரெண்டுல ஒருத்திதான சொல்லி இருக்கணும்? பசங்க வந்தா அவ வூட்டுலதான் குந்தும், டீ போட்டுக் குடுப்பா, மணிக்கணக்கா பேசுவா. அப்ப யாரு சொல்லி இருப்பா, நீயே சொல்லு. தண்ணி கொயா கிட்ட அங்காளம்மா அவ முடியப் புடிச்சா. தைக்கக் குடுத்த துணிய எல்லாரும் திருப்பி வாங்கிகினாங்க. பதினஞ்சி நாளு பல்லக் கடிச்சிகினு இருந்தாங்க. அப்பால ஒரு குட்டியானை வண்டிய புடிச்சி சாமானத்த ஏத்திகினு மாடம்பாக்கம் பக்கம் பூட்டாங்க. தெருவுல இருந்த ஒரே துலுக்கர் வூடு அதான். சந்தேகம் அங்க போறதுக்கு ரொம்ப தூரம் நடக்க வேணாம் பாரு.

ஏன் அப்டி பாக்கற? துணி கருவுதா? இல்லியே.

சரி, எங்க தெருவப் பத்தி அந்தப் பசங்க எயுதுன புஸ்தகத்த எதுக்கு இங்க கொண்ணாந்த? சனங்ககிட்ட இருந்து எடுத்தத சனங்களுக்கே திருப்பிக் குடுக்கணுமா? மேடம் சொன்னாங்களா? ரொம்ப சோக்கா கீது. திருப்பிக் குடுக்கறதுன்னா கரண்ட்டத் திருப்பிக் குடு. மோகன்ராஜ் அண்ணன் மூஞ்சில இருந்த சிரிப்பத் திருப்பிக் குடு. பேப்பர வெச்சிகினு நான் இன்னா பண்றது, கரி மூட்டறதா? வந்ததும் எங்கைல ஒண்ணு குடுத்தியே, அத நான் பாத்தேன்மா. பெரட்டிப் பாத்தேன். ஏரி கீது, வேப்பமரம் கீது, நடுவுல ஏதோ கோலம் கீது. இன்னா பெரிய இது. மூஞ்சி எதுவும் தெரியாம போட்டுக்கீறீங்க, அதான் ஒயுங்காம், மேடம் சொல்லிக் குடுத்ததாம். ரகசியத்தக் காப்பாத்தறீங்களாம். வாய் வலிக்கல உனக்கு?

இப்டி பண்ணு. உள்ள போவாத. அவங்க கோவத்துல கீறாங்க, காலேஜு பையப் பாத்தாலே அடிக்க வருவாங்க. உனக்கு எதுக்கு பேஜாரு? பைய எங்கிட்ட வுட்டுட்டுப் போ. சாயங்காலம் எல்லாரும் துணி குடுக்க, தண்ணி புடிக்க இந்தப் பக்கம்தான் வருவாங்க, நானே ஆளுக்கு ஒண்ணு குடுத்துடறேன். மெய்யாலுமே குடுக்கறேன். கையெயுத்து வேணும்னா போட்டுத் தர்றேன். எத்தினி? வூட்டுக்கு ஒண்ணுன்னு பதினொண்ணு அடிச்சாங்களா? இரு, எண்ணிக்கறேன். நாளைக்கு கொறையுதுன்னு எங்கிட்ட வந்து நிக்கக் கூடாது. நாலு, அஞ்சு... எட்டு, ஒம்போது, என் கைல கீறது பத்து. பத்துதான் கீது. ஒண்ணு எங்க? வழில யாருக்குனா குடுத்துட்டியா?

ஷம்சாத்துக்கா?

எப்போ? நேத்தா? மாடம்பாக்கம் போனியா? அவ அட்ரஸ் உனக்கு யாரு குடுத்தது? பாத்தாளா? பெரட்டிப் பாத்தாளா, இல்ல சொம்மா வாங்கி வெச்சிகினாளா? இருவத்தி மூணாம் பக்கம் பாத்தாளா? அந்தக் கோலம் போட்ட படம். மறைக்காத, சொல்லு. கையப் பாத்து கண்டுபுடிச்சிட்டாளா?

மூஞ்சிய மறைச்சீங்களே, கைய மறைச்சீங்களா? தோ பாரு. இந்த மணிக்கட்டுல தழும்பு, பொட்டி மூக்கு பட்டது, எட்டு வருசம் ஆவுது. இந்தத் தெருவுல கொழந்தைக்குக் கூட இது யார் கைன்னு தெரியும். என் கைதான் அது. கோலம் போட்டது நான்தான்.

காலேஜு பயிற்சிக்குப் போனோமே அன்னிக்கு, கோலம் போடறப்ப ஷம்சாத் அங்க இல்ல. தொயுவறதுக்கு எடம் கேட்டா, ஒரு பொண்ணு மாடிக்கு இட்டுகினு போச்சி. அப்பதான் உங்க பசங்க தரையில கலர் மாவு கொட்டி, யாருக்கு நல்லா கோலம் வரும்னு கேட்டுச்சிங்க. எனக்குன்னேன். வெக்கத்த வுட்டு சொல்றேன், எனக்கு பெருமையா இருந்துச்சி. தெனம் ஊராந்துணிய தேச்சிகினு இருக்கறவள நடுவுல வுட்டு, சுத்தி இத்தினி பேரு நின்னு பாக்கறாங்க. ஏரி போட்டேன், தெரு போட்டேன், வூட்டுக்கு ஒரு புள்ளி வெச்சேன். கரண்ட் எப்டி வருதுக்கான்னு கேட்டா ஜெர்மனிக்காரி. செவப்பு மாவ கைல குடுத்தா. எனக்கு புள்ளி வெச்சா சொம்மா வுட்டுட்டு எழ வராது. ஒரு புள்ளி தனியா நின்னுச்சின்னா கை நிக்காது. மோகன்ராஜ் அண்ணன் வூட்டுல இருந்து கோடு வலிச்சேன், ஒண்ணு வுடாம வலிச்சேன், வேப்பமரத்த சுத்திகூட வலிச்சேன். வலிக்கறப்பவே போட்டோ புடிச்சாங்க. கை தட்டுனாங்க. அவ மாடில இருந்து எறங்கி வர்றதுக்குள்ள துணி வெச்சி தொடச்சிட்டாங்க. அவளுக்கு ஒண்ணியும் தெரியாது.

ஒயர அறுத்த அன்னிக்கு தெருவே கூடி நின்னு யாரு யாருன்னுச்சி. நான்தான் மொதல்ல அவ பேர சொன்னேன். யாரும் சொல்றதுக்கு முன்னாடி சொன்னேன். வேற யாருனா மொதல்ல பேசுனா என் பேரு வந்துடும்னு பயம். போறதுக்கு மொத நாளு இதே எடத்துல வந்து நின்னா. அக்கா, நீ என் கூட வந்தியே, நான் சொல்லலன்னு ஒரு வார்த்த சொல்லுக்கான்னா. நான் துணிய மடிச்சிகினே இருந்தேன். நிமிந்து பாக்கல.

அழல. புகை. கரி ஈரம்.

அவ இன்னா சொன்னான்னு சொல்லு. திட்டுனாளா? சாபம் வுட்டாளா? சொல்லு, எதுவா இருந்தாலும் சொல்லு. இன்னா? அந்தத் தெருவுல யாருக்கும் காட்டாதன்னாளா? அக்கா அங்கதான் இருந்தாவணும், தனி ஆளு, எங்க போவான்னு சொன்னாளா? அதுக்குத்தான் நீ எங்கிட்ட கேக்க வந்தியா, குடுக்கவா வேணாவான்னு? அத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா கேடு உனக்கு? நான் பேச வுட்டனா, சரி, வுடல.

அவ யாரு எனக்கு பாவம் பாக்க? ஆங்? வூடு போச்சி, பொயப்பு போச்சி, முடியப் புடிச்சி அடிச்சாங்க, இப்ப மாடம்பாக்கத்துல குந்திகினு எனக்கு பிச்ச போடறாளா? வேணா. எனக்கு வேணா அவ பிச்ச. எட்டு மாசமா அவ பேர எடுத்தா இந்தத் தெரு துப்புது, நானும் கூட நின்னு துப்பிகினு கீறேன். எச்சி வறண்டு போச்சி எனக்கு.

பைய எடு. எடுன்றேன்ல. இது என்னுது, இதையும் உள்ள போடு, எனக்குத் தேவை இல்ல. உள்ள போ. மொதல்ல அங்காளம்மா வூட்டுக்குப் போ, நீல கதவு, உள்ளதான் கீறா, இன்னிக்கு வேவாரத்துக்குப் போவல. அவளுக்கு எயுத்து தெரியாது. எதையும் படிச்சிக் காட்டிகினு நிக்காத. படத்த மட்டும் காட்டு. அது யார் கைன்னு அவளே சொல்லுவா.