நோவை முதலில் கேட்டவன்

கற்பூரத்தைல மணம் கையை விட்டு லேசில் போகாது, இன்ஸ்பெக்டர் ஐயா. பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் உதைபந்தாட்ட அணியில் ஆடும் பெடியளுக்குக் கால் உருவிவிடுவதும் நான்தான், உதவிக் கோச்சும் நான்தான். பழைய கோச் விலகியதும் அந்த இடம் எனக்கென்றே ஊரெல்லாம் கதைத்தது. நிர்வாகமோ நோர்வேயிலிருந்து கஜீவனைக் கொண்டுவந்து இறக்கியது. உள்ளூர் மாடு விலைபோகாது என்று சும்மாவா சொன்னார்கள்? அவனுக்கு மடிக்கணினி தெரியும், பெடியளைத் தெரியாது. உச்சி வெயிலில் கடற்கரை மணலில் ஓடவிட்டான். இவன் சரிவரமாட்டான் என்று நிர்வாகத்திடம் போய்ச் சொன்னேன்.

"உமக்கு எரிச்சல், கிறகோரி," என்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

எங்கள் அணியில் ஒரு வழக்கம் உண்டு. கோச்சிடம் யாரும் நோவைச் சொல்லமாட்டார்கள். சொன்னால் பயந்தாங்கொள்ளி என்று பெயர் விழும். கால் உருவும்போது என்னிடம் சொல்வார்கள், நான் கோச்சிடம் சொல்வேன். கஜீவனுக்கும் முதல் நாளே இதை விளங்கப்படுத்தினேன். அவன் என்னை நம்பினான்.

அரையிறுதிக்கு முதல் நாள் ஷெரோன் கால் உருவ வந்து வாங்குப் பலகையில் படுத்தான். குருநகர் யசிந்தாவின் ஒரே மகன். எங்கள் அணிக்கு கோல் அடிப்பவன் அவன்தான். அவனுக்கு முதல் பூட்ஸ் வாங்கிக் கொடுத்தவன் நான்.

"அண்ணை, ஓடேக்கை நெஞ்சைப் பிடிக்குது. இடக்கையும் விறைக்குது."

"வாய்வடா. சோடா ஒண்டு குடி, சரிவரும்."

என் தம்பி வள்ளத்தில் நெஞ்சடைத்துச் சாகும்போதும் இடக்கைதான் முதலில் விறைத்தது. அதை நான் மறந்திருக்கவில்லை.

அடுத்த நாள் ஆட்டத்துக்கு முன் கஜீவன் கேட்டான்: "ஆருக்கும் ஏதும் நோவோ, அண்ணை?"

"இல்லைத் தம்பி. எல்லாரும் கல்லுக்குண்டு மாதிரி இருக்கினம்."

ஷெரோன் நடு ஆட்டத்தில் ஓட ஏலாமல் இருந்துவிட்டால், அந்த மணலோட்டத்தின் லட்சணம் எல்லாருக்கும் விளங்கும். நான் விரும்பியது அவ்வளவுதான். இரண்டாம் பாதியில் பந்தை விட்டுவிட்டு நெஞ்சைப் பிடித்தான். ஆஸ்பத்திரி வாசல்வரைகூட உயிர் நிற்கவில்லை.

ஊர் கஜீவன்மேல்தான் பாய்ந்தது. செத்தவீட்டில் யசிந்தா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"கிறகோரியண்ணை, உங்களிட்டை எண்டாலும் ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே என்ரை பிள்ளை."

"ஓம் தங்கச்சி," என்றேன். "சொல்லியிருக்கலாம்."

ஷெரோன் நோவைச் சொன்ன அன்று பக்கத்து வாங்கில் கிடந்த எங்கள் அணிப் பெடியன் றெஜி, காதில் விழுந்ததையெல்லாம் உங்களிடம் சொல்லிவிட்டானாம். அவன் பொய் சொல்லமாட்டான். சொன்னது அத்தனையும் உண்மை, எழுதுங்கள், கையொப்பம் வைக்கிறேன். ஆனால் இதையும் சேர்த்து எழுத வேண்டும், ஐயா: கஜீவனுக்கு எங்கள் பெடியளைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது என்று நான் தொடக்கத்திலேயே சொன்னேன்.