மில்லர்ஸ் அணியின் வரலாற்றில் ஒரு திருத்தம்

புல் வளர்ப்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை, மிஸஸ் ஆல்விக். தண்ணீர் விட வேண்டும், வெட்ட வேண்டும், பிறகு அடுத்தவர்கள் அதை மிதிப்பதைப் பார்த்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். இந்த பேஸ்பால் மைதானத்தில் முப்பத்தோரு வருடமாக நான் செய்துவருவது அவ்வளவுதான். பெல் கிரீக்கில் என்னைவிடப் படித்தவர்கள் நிறைய இருக்கிறார்கள். என் மனைவியைக் கேட்டால் வரிசையாகப் பெயர் சொல்லுவாள்.

நூலகத்திலிருந்து இவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறீர்கள். அந்தக் கவிழ்த்துப் போட்ட வாளியில் உட்காருங்கள், நல்ல வாளிதான். அணியின் ஐம்பதாம் ஆண்டு மலருக்கு நீங்கள் தட்டச்சு செய்து கொடுத்ததை இரண்டு முறை படித்தேன். ஒரே ஓர் இடத்தில்தான் திருத்தம் இருக்கிறது.

இந்த வாரம் பார்த்து எனக்கு எழுத்து வேலையாக வந்து சேர்கிறது. ஒன்று உங்கள் வரலாறு. இன்னொன்று ஒரின் ஹாஸ்கட்டுக்கு சிபாரிசுக் கடிதம். ஒரின் இருபத்தொரு வருடமாக என் உதவியாள். நகரத்துப் பெரிய லீக் மைதானத்தின் தலைமைப் பராமரிப்பாளர் போன மாதம் இந்த வழியாகப் போனபோது நம் மைதானத்தைப் பார்த்து அசந்துவிட்டார். இந்தப் புல்லை வெட்டுகிற ஆள் எனக்கு வேண்டும் என்று கேட்டிருக்கிறார். என் கடிதம் மட்டும்தான் பாக்கி. தினமும் காலையில் ஒரின் அந்தக் காலை இழுத்துக்கொண்டு வந்து இந்தக் கதவில் சாய்ந்து நிற்பான்.

"எல்ராய், லெட்டர் எழுதிட்டியா?"

"எழுதுறேன்டா. நல்லபடியா எழுத வேணாமா?"

"வெள்ளிக்கிழமைக்குள்ள போயாகணும்யா. நாப்பத்து மூணு வயசுல என்னை மேல கூப்புடுறாங்க. இன்னொரு தடவ கூப்புடுவாங்களா?"

'மேலே கூப்பிடுவது' இந்த ஊரில் எவ்வளவு கனமான வார்த்தை என்று உங்களுக்குத் தெரியும். நம்முடையது சின்ன லீக். பையன்கள் நமக்காக ஆடுகிறார்கள். ஆனால் அவர்கள் சொந்தம் பெரிய லீக்கில் ஆடும் தாய்க் கழகத்துக்கு. தாய் என்று பெயர்தானே தவிர, நன்றாக வளர்ந்த பிள்ளையாகப் பார்த்து அள்ளிக்கொண்டு போகிற தாய். மே மாதம் ஒருவன் பிரமாதமாக அடிக்க ஆரம்பித்தால் ஜூலையில் காணாமல் போய்விடுவான். போய் வருகிறேன் என்று சொல்லக்கூட நேரம் தரமாட்டார்கள். காலையில் வந்தால் அலமாரி காலியாக இருக்கும். அதில் ஒட்டிய பெயர்ப் பட்டையைக் கிழிப்பது என் வேலைகளில் ஒன்று. ஆகஸ்டில் நம்மிடம் மிஞ்சுவது யாருக்கும் வேண்டாதவர்கள். அவர்களை வைத்துக்கொண்டு கோப்பையை ஜெயிக்க வேண்டும். ஐம்பது வருடத்தில் ஒரு தடவைகூட ஜெயிக்கவில்லை. உங்கள் மலரில் 'விடாமுயற்சி மிக்க அணி' என்று எழுதியிருக்கிறீர்கள். பெரிய மனது உங்களுக்கு.

இதை அடித்துவிட்டு வேறு எழுதச் சொல்லவில்லை. திருத்தம் முப்பத்தொன்றாம் பக்கத்தில்.

அதற்கு முன் மைதானக்காரன் தொழிலைப் பற்றிக் கொஞ்சம். எதிரணியில் வேகமாக ஓடுகிறவன் இருந்தால் அடித்ததும் ஓடிப் போய்ச் சேர வேண்டிய முதல் பேஸ் பக்கத்து மண்ணை முந்தைய நாளே ஊறவிடுவோம். சேற்றில் எவன் ஓடுவான்? நம் ஆட்கள் மெல்லத் தட்டிவிட்டு ஓடுகிறவர்களாக இருந்தால் கோட்டோரத்தை ஒரு விரல் உயர்த்திவிடுவோம்; பந்து வெளியே உருளாமல் உள்ளேயே நிற்கும். எல்லா ஊர் மைதானக்காரனும் செய்வதுதான். சொந்த மண்ணின் சாதகம் என்று இதற்கு மரியாதையான பெயரும் உண்டு. அணிக்காக மண்ணைக் கொஞ்சம் திருத்துவது. நான் வாழ்க்கையில் செய்ததெல்லாம் அவ்வளவுதான்.

1957 மே மாதம் ஒரின் வந்தான். இருபத்திரண்டு வயது. நெப்ராஸ்காவில் ஒரு பன்றிப் பண்ணையிலிருந்து. நடுமைதானத்தில் நின்றால் மூன்று ஆள் இடத்தை ஒருவனே காப்பான். ஓடுவது மாதிரியே இருக்காது, பந்து விழப்போகும் இடத்தில் ஏற்கெனவே நின்றுகொண்டிருப்பான். இடக்கை மட்டைக்காரன். ஜூன் தொடக்கத்தில் நாங்கள் இரண்டாம் இடம். ஊரே ரொட்டிக் கடையில் அவன் பெயரைச் சொல்லித்தான் காபி குடித்தது. பயிற்சியாளர் வெர்ன் டூலி மட்டும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருந்தார்.

"என்ன வெர்ன், பையன் இப்படி அடிக்கிறான், நீ எழவு வீட்டுக்கு வந்த மாதிரி நிக்குற?"

"இவன் இப்படியே அடிச்சா அடுத்த மாசம் இங்க இருக்கமாட்டான் எல்ராய். கோப்பைய நீயும் நானும் சேர்ந்து வெளயாடி ஜெயிக்கலாம். நீ பந்து போடு, நான் மூச்சு வாங்குறேன்."

நியாயமான கவலை. கொஞ்சம் குறைவாக அடித்தால் அவனை விட்டுவைப்பார்கள் என்று எனக்குத் தோன்றியது. தரையில் பதித்த வெள்ளைத் தட்டுக்கு இரண்டு பக்கமும் தினமும் சுண்ணாம்பில் கட்டம் போடுவது நான்தான். வலக்கைக்காரன் ஒரு கட்டத்தில் நின்று அடிப்பான், இடக்கைக்காரன் மறு கட்டத்தில். அன்றைக்கு நம் அணியில் இடக்கைக்காரன் ஒரின் ஒருவன்தான். அவன் கட்டத்தை நாளுக்கு ஒரு விரற்கடையாகத் தட்டிலிருந்து தள்ளிக்கொண்டே போனேன். ஓரத்தில் வரும் பந்து அவன் மட்டைக்கு எட்டாமல் போயிற்று.

அவனுக்கு உடனே தெரிந்துவிட்டது. பண்ணைக்காரனுக்கு இடைவெளி தெரியாதா?

"மிஸ்டர் ஸ்டம்ஃப், தட்டு நகர்ந்து போன மாதிரி இருக்கு சார்."

"தட்டுக்குக் காலா இருக்கு? கண்ணு டாக்டர ஒருதடவ பாரு தம்பி."

ஒரே மாதத்தில் ஐந்தாம் இடத்துக்கு இறங்கினோம். கோப்பைக்காக அவனை வைத்துக்கொள்ள, அவனை அடிக்க விடாமல் செய்து, அதனால் கோப்பை தூரப் போனது. இதில் ஏதோ கணக்கு இடிக்கிறது என்று அப்போதே எனக்குப் பட்டது. ஆனால் நான் எட்டாம் வகுப்போடு நிறுத்தியவன்.

சொன்ன பேச்சைக் கேட்கிற பையன் ஒரின். கண் டாக்டரிடம் போனான். போனால் உண்மையாகவே கண்ணில் கோளாறு. கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தான். அதன் பிறகு நான் கட்டத்தை எங்கே போட்டால் என்ன, பக்கத்து மாவட்டத்தில் நிறுத்தினாலும் அடித்தான். எனக்கு நன்றி சொல்ல ஒரு டஜன் டோனட் வாங்கி வந்தான். சாப்பிட்டேன். நன்றாகவே இருந்தன.

ஆகஸ்ட் பாதியில் நாங்கள் முதலிடம். வரலாற்றில் முதல் தடவை. பருவம் முடிய இன்னும் பதினைந்து நாள். பதினேழாம் தேதி சனிக்கிழமை தந்தி வந்தது. ஞாயிறு ஆட்டம் முடிந்ததும் ஹாஸ்கட்டை மேலே அனுப்பவும். வெர்ன் அதை இதே கொட்டகையில்தான் எனக்குப் படித்துக் காட்டினார். படித்துவிட்டு மூக்கைச் சிந்தினார்.

நீங்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள். தேவையில்லை, நான் மெதுவாகத்தான் சொல்லுகிறேன்.

ஒரு சுளுக்கு. என் மனதில் இருந்தது அவ்வளவுதான். சுளுக்கிய ஆளைத் தாய்க் கழகம் கூப்பிடாது. ஒரு வாரம் ஐஸ் கட்டி வைத்தால் கடைசி வாரம் நமக்காக ஆடலாம். ஒரின் எங்கே நிற்பான் என்று எனக்கு அளவெடுக்காமல் தெரியும், புல்லில் அவன் இரண்டு காலும் பதிந்த இடம் வெளுத்திருக்கும். தலைக்கு மேல் போகும் பந்துக்குத் திரும்பி ஓடும்போது ஆறாவது எட்டில் இடது கால் எங்கே விழும் என்றும் தெரியும். கோடை முழுக்க அந்தத் தடத்தை ஆற்றியது நான்தானே. ஞாயிறு விடிந்ததும் அங்கே புல்லை வேரோடு ஒரு சதுரமாக வெட்டி எடுத்தேன். அடியில் முழங்கை ஆழம் மண்ணை அள்ளினேன். இரண்டு மெல்லிய சட்டம் குறுக்கே வைத்துப் புல்லைத் திரும்ப மூடினேன். நான் வைத்த புல்லில் தையல் தெரியாது. அதைத் தொழில் தெரிந்தவர்கள் எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள்.

முழங்கை ஆழம் சுளுக்குக்கு அதிகம்தான். மண் இளகலாக இருந்தது, கை போய்க்கொண்டே இருந்தது.

ஏழாம் சுற்றில் பந்து அவன் தலைக்கு மேல் போனது. ஆறாவது எட்டு. சத்தம் கொட்டகை வரைக்கும் கேட்டது. விழும்போதும் பந்தைப் பிடித்துவிட்டான், மிஸஸ் ஆல்விக். படுத்த வாக்கில் கையுறையை உயர்த்திக் காட்டினான், நடுவர் பார்க்க வேண்டுமே என்று. நான்தான் முதலில் ஓடிப் போய்ச் சேர்ந்தேன். சட்டங்களைப் பொறுக்கிச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு, அவன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன்.

"தரையப் பாத்து ஓடாம விட்டுட்டேன் சார்," என்றான். "என் தப்புதான். உங்க புல்ல நாசம் பண்ணிட்டேன்."

அழுதேன். அதை நூறு பேர் பார்த்தார்கள்.

குழி தோண்டியது வளையெலி என்று ஊர் முடிவு கட்டியது. நீங்களும் முப்பத்தொன்றாம் பக்கத்தில் அப்படியே போட்டிருக்கிறீர்கள். அந்த வாரம் அணியின் முதலாளி பொறிகளை வாங்கிக் கொடுத்து, எலிகளை ஒழித்துவிட்டு வா என்றார். பதினொன்று பிடித்தேன். ஒரு பாவமும் அறியாத பிராணிகள். இந்த முழு விவகாரத்தில் இன்றுவரை என் மனதை உறுத்துவது அதுதான்.

கோப்பையா? நான்காம் இடம். வழக்கம்போல.

தாய்க் கழகம் அவனுக்கு இரண்டு வரியில் ஒரு கடிதமும் வீட்டுக்குப் போகப் பஸ் சீட்டும் அனுப்பியது. நான் அப்படி விட்டுவிடுகிற ஆள் இல்லை. முதலாளியிடம் போய் நின்று, பையனுக்கு என்னோடு வேலை கொடுங்கள் என்று கேட்டேன். புல் வெட்டச் சொல்லிக் கொடுத்தேன். கல்யாணத்துக்கு மாப்பிள்ளைத் தோழனாக நின்றேன். அவன் மூத்த மகனுக்கு என் பெயர். ஞாயிற்றுக்கிழமை இரவுச் சாப்பாடு எங்கள் வீட்டில்தான். மழை நாளில் முழங்கால் வலித்தால் என் மனைவி வெந்நீர்ப் பை வைத்துக் கொடுப்பாள். எத்தனை பெயர்ப் பட்டையைக் கிழித்திருப்பேன்! அவனுடையது மட்டும் அலமாரியில் இன்னும் ஒட்டியிருக்கிறது. சொல்லுங்கள், இந்த லீக்கில் எந்த ஊர் தன் நல்ல ஆட்டக்காரனை இருபத்தொரு வருடம் கூடவே வைத்திருந்தது?

"இத ஒரின் கிட்ட சொல்லிருக்கீங்களா எல்ராய்?" என்று கேட்கிறீர்கள். எதற்கு? தன் தப்பு என்று நினைத்து நிம்மதியாக இருக்கிறான். அடுத்தவன் நிம்மதியைக் கெடுக்கிற புத்தி எனக்குக் கிடையாது.

வரலாறு என்றால் உண்மை இருக்க வேண்டும், அதனால்தான் உங்களிடம் சொன்னேன். வளையெலி என்ற இடத்தில் என் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள். முழுப் பெயராகப் போட்டால் மரியாதையாக இருக்கும்.

கடிதமா? அதை நேற்றே எழுதித் தபாலில் போட்டுவிட்டேன். ஒரினிடம் இன்னும் சொல்லவில்லை. ஒரு வார்த்தை பொய் கிடையாது. உழைப்பாளி, குடிக்கமாட்டான், அவன் கை பட்டால் கருங்கல்லிலும் புல் முளைக்கும் என்று ஒன்றரைப் பக்கம் எழுதினேன். எழுதும்போது கண்ணே கலங்கிவிட்டது. கடைசியில் மனசாட்சிக்காக ஒரே ஒரு வரி சேர்த்தேன்: அவ்வளவு பெரிய மைதானத்தை நாள் முழுக்க நடந்து கவனிக்க அந்த இடது முழங்கால் தாங்காது, அவனுக்குப் பதில் வேறு ஆளைப் பார்ப்பதே நல்லது என்று. அவன் நன்மைக்குத்தான். அந்த முழங்காலைப் பற்றி என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் இந்த ஊரில் வேறு யார் இருக்கிறார்கள், மிஸஸ் ஆல்விக்?