வெறும் கரி

என் பெயரும் தகப்பனார் பெயரும் முதல் தாளில் கண்டபடி சரி. வயது இருபத்தாறு. ஆலைக்குப் பின்தெருவில் அக்கா வீட்டு மாடியில் குடியிருக்கிறேன். ஆலையில் எனக்கு உலை வேலை. கண்ணுக்குத் தெரியாத இரும்புத் துகள் படிந்த தகட்டை உலைக்குள் வைத்து வாயுவைத் திறந்துவிட்டால், வாயுவிலுள்ள கரி அந்த இரும்பைப் பிடித்துக்கொண்டு தலைமுடியைவிட மிக மெல்லிய குழாய்களாக வளரும். உலை ஆறிய பிறகு தகட்டைச் சுரண்டி எடுப்பது என் அக்காள் கணவர். அவரை மச்சான் என்று கூப்பிடுவேன்.

சுரண்டும் அறையில் தூசியை உறிஞ்சும் இயந்திரம் கெட்டுக் கிடந்தது. முகமூடியாவது கொடுங்கள் என்று மேற்பார்வையாளரிடம் கேட்டோம். "உங்கம்மா முகமூடி மாட்டிக்கிட்டா அடுப்பு ஊதுனாங்க? வெறும் கரிடா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மச்சானும் சிரித்தார். அதன் பிறகு மச்சானுக்கு மூச்சு வாங்கியது, அதன் பிறகு படியேற முடியவில்லை, அதன் பிறகு உட்கார்ந்தபடியே தூங்கினார். நேற்று ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நெஞ்சுக்குள் போனது என்ன தூள், அதில் என்ன உலோகம் என்று தெரியாமல் வைத்தியம் பார்க்க முடியாது என்று டாக்டர் சொன்னார். அவர் ஆலைக்குப் போன் செய்தார். வெறும் கரி என்றார்கள்.

"நீ அங்கதானேடா இருக்க, ஒரு சிட்டிகை கொண்டாந்து குடுடா தம்பி" என்றாள் அக்கா. இன்று காலை மாத்திரை டப்பாவில் கொஞ்சம் போட்டு, மூடியைச் சுற்றி டேப் ஒட்டி எடுத்து வந்தேன். ஆலை வாசலில் பிடித்து இந்தக் காவல் நிலையத்துக்குக் கொண்டுவந்தார்கள். புகாரை இங்கே வாசித்துக் காட்டினார்கள். நான் திருடியது விலைமதிப்பற்ற கார்பன் நானோ குழாய் என்று எழுதியிருந்தது. கரி என்ற சொல் அதில் எங்கும் இல்லை.

அதன் பிறகு காவல் ஆய்வாளர் டப்பாவின் டேப்பைப் பிரித்தார். திறக்க வேண்டாம் என்றேன். "ஏன், உள்ள பாம்பா இருக்கு?" என்றார். மின்விசிறியையாவது நிறுத்துங்கள் என்றேன். "வாய மூடு" என்றார். வாயை மூடிக்கொண்டேன். மூக்கையும் சேர்த்து மூடிக்கொண்டேன். தூள் பாதிதான் மிஞ்சியது. அதை டாக்டரிடம் கொடுக்கக் கேட்டதற்கு, வழக்குச் சொத்து, நீதிமன்றத்துக்குத்தான் போகும் என்று சொல்லிவிட்டு ஆய்வாளர் வெளியே போனார்.

அதன் பிறகு இந்த வாக்குமூலத்தை எழுதிய காவலர் எழுந்து மின்விசிறியை நிறுத்தினார். டப்பாவை மூடினார். மேலே உள்ளதை எனக்கு வாசித்துக் காட்டினார். மூக்கிலும் வாயிலும் கைக்குட்டையை அழுத்திக்கொண்டு வாசித்ததால் சில சொற்கள் காதில் விழவில்லை. விழுந்தவரை எல்லாம் நான் சொன்னதே, எல்லாம் உண்மையே.

(கையொப்பம்)