பெனினாவின் வாசலில் கட்டிய கொடிக்கம்பி

என் பெயர் ரிஸ்பா அகுதா. வயது நாற்பத்தொன்று. கென்யாவில் ஏரிக்கரை ஊரான ராகுடியில் வசிக்கிறேன். மீனவர் லாசரோ ஒவாகாவின் மூத்த மனைவி. எங்கள் வளவில் நடுவில் என் வீடு, வலப்பக்கம் இளையவள் பெனினாவின் வீடு. விதைப்பதானாலும் கூரை மாற்றுவதானாலும் என் வீட்டில் முடிந்த பிறகே அவள் வீட்டில். அதுதான் எங்கள் முறை.

தேவாலயப் பாடகர்களின் வெள்ளை அங்கிகளை நான்தான் துவைத்துக் கொடுக்கிறேன். என் வாசலில் கட்டியிருந்த கற்றாழைநார்க் கயிறு மழையில் இற்றுப்போனது. அதன்பின் வலைக்கயிறு கட்டினேன். அது வெயிலில் நைந்து, ஈரத்துணியின் கனத்தில் தரைவரை தொங்கியது. அதன்பின் வெறும் இரும்புக்கம்பி கட்டினேன். அங்கிகளில் விழுந்த துருக்கறை எலுமிச்சை தேய்த்தும் போகவில்லை. பிளாஸ்டிக் உறை போட்ட கம்பிதான் நிற்கும் என்று கணவரிடம் சொன்னவள் நான். "பாக்கலாம்" என்றார்.

கடந்த செவ்வாய் காலை நான் தண்ணீர் எடுத்து வரும்போது, அதே கம்பி, கறுப்பு உறையோடு, பெனினாவின் வாசலில் விறைப்பாகக் கட்டியிருந்தது. அவளுடைய சிவப்புப் போர்வை அதில் காய்ந்தது.

"அக்கா, எவ்வளவு கனம் போட்டாலும் தொங்கவே மாட்டேங்குது. உங்க கொடியில எடம் பத்தலன்னா இதுல போட்டுக்கங்க" என்றாள்.

முறை மீறி அவளுக்கு முதலில் கட்டியது எனக்குப் பொறுக்கவில்லை. குடத்தை இறக்கிவைத்துவிட்டு நேரே இந்தக் காவல் நிலையத்துக்கு வந்து, கணவர் மின்கம்பத்திலிருந்து அதை வெட்டியதை நேரில் கண்டதாகச் சொன்னேன். அப்படி எதையும் நான் காணவில்லை. கம்பியை அவிழ்த்துக்கொண்டு போவார்கள் என்று மட்டுமே நினைத்தேன். காவலர்கள் கம்பியோடு கணவரையும் கொண்டுவந்து அடைத்துவிட்டார்கள்.

அதன்பின் புதன் காலை அவருக்குப் போர்வை எடுக்க என் வீட்டுப் பரணில் கைவிட்டபோது, அவருடைய வலைக்கடியில் அதே கம்பி இன்னொரு சுருள் இருந்தது. கூடவே இருந்த கடைச்சீட்டில் இரண்டு சுருள் என்று எழுதியிருந்தது. அதன்பின் உகாலிக் களியும் பொரித்த மீனும் எடுத்துக்கொண்டு இங்கே வந்து அவரிடம் கேட்டேன்.

"உன் வெள்ளை அங்கியில மறுபடி துரு பட்டுடக்கூடாதேன்னு, அவ வாசல்ல ஒரு மழை பாத்துட்டு உனக்குக் கட்டலாம்னு இருந்தேன்டி" என்றார்.

"முறை தெரியாதா உமக்கு?"

"முறை தெரியும். நீ இப்படிப் பண்ணுவேன்னுதான் தெரியல."

மீனை அவர் தொடவில்லை.

பொய்ப்புகார் கொடுத்ததற்கு என்மேல் வழக்கு வரும் என்று அதிகாரி விளக்கினார். தெரிந்தேதான் சொல்கிறேன். கடைச்சீட்டை ஒப்படைத்துள்ளேன். என் கணவரை விட்டுவிடுங்கள்.

இன்னொன்றும் எழுதிக்கொள்ளக் கேட்டுக்கொண்டேன். அவர் வெளியே வந்து என் வாசலில் கம்பி கட்டி முடித்த பிறகுதான், கைப்பற்றிய கம்பியைப் பெனினாவிடம் திருப்பிக் கொடுக்கவேண்டும். இது வழக்குக்குத் தேவையில்லை என்றார் அதிகாரி. எழுதாவிட்டால் கையெழுத்துப் போடமாட்டேன் என்றேன். எழுதப்பட்டது.

எழுதியது முழுவதும் எனக்குப் படித்துக்காட்டப்பட்டது. யாரும் வற்புறுத்தாமல் நானே சொன்னது, அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) ரிஸ்பா அகுதா, மூத்த மனைவி