முதலாளி டேவிட்சன்

எனக்குக் கப்பலில் ஏறினால் குமட்டும், சார். தூத்துக்குடியில் இத்தனை வருஷம் ஷிப்பிங் ஏஜென்ட்டாக இருந்தும் கரையைவிட்டுப் போனதில்லை.

உலக நாடுகள் தடை போட்ட தேசத்தின் எண்ணெயை ரகசியமாக விற்றுவந்தேன்; அதற்கு ஒழுங்கான எந்த வங்கியும் பணம் வாங்கித் தராது. வாங்கித் தரும் வங்கி ஒன்று தூரத்துத் தீவில் இருந்தது. கம்பெனி முதலாளி என்று ஒரு பெயரும் பாஸ்போர்ட் நகலும் போதும் என்றார்கள். என் மனைவி ஜெனிலாவின் தம்பி டேவிட்சனுடையதைக் கொடுத்தேன். மரைன் இன்ஜினீயரிங் படித்துவிட்டு நாசரேத்தில் சும்மா இருந்தான். அவன் பெயரில் ஒரு பழைய எண்ணெய்க் கப்பலை வாங்கி, அதிலேயே அவனுக்கு வேலையும் போட்டுக்கொடுத்தேன்.

"முதலாளியே இன்ஜின் தொடைக்கான், அத்தான்" என்று சிரிப்பான். நல்ல பிள்ளை.

அந்த எண்ணெயை ஏற்றிவரும்போது கப்பல் இருக்குமிடத்தைக் காட்டும் கருவியை அணைத்துவைப்போம். போன ஜூனில் அப்படி வரும்போது அடித்தகடு விட்டுப்போயிற்று. நான் ஆராதனை முடிந்து வெளியே நிற்கையில் சாட்டிலைட் போனில் கூப்பிட்டான்.

"அத்தான், தண்ணி உள்ள ஏறுது. ஆபத்து சிக்னல் குடுக்கட்டான்னு கேப்டன் எங்கிட்ட கேக்காரு. பேப்பர்ல நான்தான முதலாளி."

சிக்னல் கொடுத்தால் காவல் படை வரும். சரக்கு யாருடையது என்று கேட்பார்கள்.

"வேண்டாம் மாப்ள. நானே வேற கப்பல் அனுப்புதேன். பொறு."

"சரி அத்தான்."

பொறுத்தான். நான் யாரையும் அனுப்பவில்லை. அவனோடு மூழ்கியவர்களின் பெயர்கள் எனக்குத் தெரியாது.

வீட்டில், கப்பலைக் காணோம் என்று மட்டும் சொன்னேன். துறைமுகத்தில் சங்கு ஊதினால் ஜெனிலா சோற்றில் கையை வைத்தபடி எழுந்துவிடுவாள். இப்போது நானும் எழுகிறேன்.

முன்பு விற்ற எண்ணெயின் பணம் அந்தத் தீவு வங்கியிலேயே கிடந்தது. அதை எடுக்க முதலாளி போனில் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றார்கள். வங்கியிலிருந்து அழைத்தபோது, "டேவிட்சன்தான் பேசுகிறேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவன் குரல் எனக்குச் சுலபமாக வந்தது. அதுதான் பயமாக இருந்தது.

ஜெனிலா அடுக்களையிலிருந்து ஓடி வந்தாள். "தம்பியா? எங்கிட்ட குடுங்க."

"லைன் கட்டாயிட்டு. திரும்பக் கூப்பிடுவான்."

அன்றிலிருந்து என் போனை அவள்தான் வைத்திருக்கிறாள். நேற்று விசாரணைக்கு நீங்கள் கூப்பிட்டபோதும் "தம்பி" என்றுதான் எடுத்திருப்பாள். அவளுக்கு நான் ஒரு நம்பிக்கையைக் கொடுத்திருக்கிறேன், சார். அதை மட்டும் நீங்கள் கெடுத்துவிடாதீர்கள்.